ஏணைத் துணியும் ஏரி நுரையும்

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஊத்தங்கரைக்கு முன்பாக அமைந்துள்ள ஊர் மத்தூர். சாலையோரக் கடைகளைக் கடந்து தெருக்களுக்குள் நடந்தால், ஏதேனும் ஒரு வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கொடி நிறையச் சிறு சிறு துணிகள் உலர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். பழைய வேட்டியின் ஒரு துண்டு, சாயம்போன கைலியின் ஒரு பகுதி, பாட்டியின் வெள்ளைத் துப்பட்டியிலிருந்து கிழித்த சதுரம். அவ்வீட்டில் பச்சிளங் குழந்தை இருக்கிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டுவதில்லை.

இம்மண்ணின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பெனியார் கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீட் என்னும் தளகர்த்தரும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்தனர், கிணறுகளை எண்ணினர், வரியைக் கணித்தனர். குழந்தையின் ஈரத்துணி வரி விதிக்கத்தக்க பொருளன்று. ஆகவே அது எந்தக் கணக்கிலும் ஏற நியாயமில்லை. ஆயினும் அதற்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவை எவரோ ஒருவர் எக்காலத்தும் கொடுத்தே வந்திருக்கின்றனர். அவர் யார் என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது.

நம் பாட்டிமார் காலத்தில் குழந்தைக்கெனத் துணி வாங்குவது வழக்கமில்லை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்றும், வீட்டில் மூத்தவர் உடுத்திய பழந்துணியே ஆகும் என்றும் சொல்வார்கள். அதில் நம்பிக்கை பாதி, அறிவு பாதி. பலமுறை துவைத்து நைந்த பருத்திக்கு மென்மை மிகுதி. கஞ்சி கழன்ற நூல் ஈரத்தையும் விரைவில் உறிஞ்சும். பகல் வேளையில் குழந்தை பெரும்பாலும் அம்மணமாகவே கிடக்கும். வெளியில் எடுத்துச் செல்லும்போது மட்டும் ஒரு முக்கோணத் துணி. ஏணையில் இட்டால் கீழே ஒரு மடிப்புத் துணி. அதற்கும் மேலாக ஒரு பழக்கம் இருந்தது. தாயோ பாட்டியோ கால்களை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கிடையே குழந்தையை உட்காரவைத்து, மெல்ல 'உஸ்' என்று ஒலியெழுப்புவார்கள். சில வாரங்களில் குழந்தை அவ்வொலிக்குப் பழகிவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து துணிகளேனும் இதனால் மிச்சமாகும். செலவு ஏதும் இல்லை; வீட்டில் ஓய்ந்திருக்கும் ஒரு மனிதர் மட்டும் வேண்டும். அந்த ஓய்ந்திருக்கும் மனிதர்தாம் இன்று வீடுகளில் அருகிவிட்டார்.

அக்காலத்தைச் செலவில்லாக் காலம் என்று புகழ்வோர் உளர். அவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பேறுகாலத்துத் துணிகளை வெளுத்துத் தரும் பொறுப்பு ஊர் வண்ணாருடையதாக, குறிப்பாக வண்ணாத்தியுடையதாக இருந்தது. வீட்டார் தொடத் தயங்கிய துணியை அந்த அம்மையார் மூட்டையாகக் கட்டி எடுத்துச் சென்றார். உவர்மண்ணைக் கரைத்து ஊறவைத்து, இரவு முழுவதும் வெள்ளாவியில் அவித்து, விடிந்ததும் ஏரிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தார். வெள்ளாவிக்கு விறகு எரிந்தது. அம்மையாரின் விரல்களை உவர்மண் அரித்தது. இத்தனைக்கும் கிடைத்த கூலி, அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து அளக்கப்பட்ட தானியமும், அன்றாடம் வீடுகளில் இட்ட சோறும். நம் வீடுகளுக்குத் துணியின் செலவு தெரியாமற் போனதற்குக் காரணம், அது வேறொருவர் முதுகில் ஏற்றப்பட்டிருந்ததே. வண்ணார் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். வேறு தொழில் கண்டனர். அந்த முறை மறைந்தது. மறைந்ததற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் மூட்டை மறையவில்லை. அது வீட்டுத் தாயின் கைக்கு வந்துசேர்ந்தது.

முஸ்லிம் இல்லங்களில் இம்மூட்டைக்கு மற்றொரு கனமும் உண்டு. தொழுகைக்கு உடையும் இடமும் தூய்மையாக இருத்தல் வேண்டும். ஆகவே துணி வெளுப்பாகத் தோன்றினால் மட்டும் போதாது. சட்டப்படியும் தூய்மையாக வேண்டும். உம்மு கைஸ் (ரலி) என்னும் பெண்மணி, இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண்மகவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார். மடியில் இருத்தப்பட்ட குழந்தை நாயகத்தின் ஆடையை நனைத்துவிட்டது. நாயகம் அவர்கள் தண்ணீர் வரவழைத்து அவ்விடத்தில் தெளித்தார்கள், துவைக்கவில்லை. புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள செய்தி இது. இதனை அடிப்படையாகக் கொண்டு, பால் மட்டுமே அருந்தும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தையின் சிறுநீருக்கு நீர் தெளித்தாலே போதும் என்று ஷாஃபியீ சட்ட வல்லுநர் வகுத்தனர். பெண்குழந்தையினுடையதைக் கழுவ வேண்டும் என்றனர். ஹனஃபி வல்லுநரோ இரண்டையும் கழுவியே ஆக வேண்டும் என்றனர். கண்ணுக்குப் புலப்படாத அசுத்தமாயின் மூன்று முறை நீரில் அலசி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்றும் வரையறுத்தனர்.

கடற்கரைப் பட்டினங்களில் ஷாஃபியீ வழியினர் மிகுதி. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளிலோ உருது பேசுவோரும் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்களுமாக ஹனஃபி வழியினரே மிகுதி. ஆகவே காயலிலும் கீழக்கரையிலும் ஓர் இளந்தாய்க்குக் கிட்டும் சிறு சலுகை, வறண்ட இப்பக்கத்துத் தாய்க்குக் கிட்டுவதில்லை! சட்டத்தைக் குறை கூறும் நோக்கம் எனக்கில்லை. மூன்று நீர் என்ற அந்தக் கணக்கு நல்ல சலவைக் கணக்குங்கூட. சோப்பின் மிச்சம் துணியில் தங்கினால் குழந்தையின் தோல் புண்ணாகும் என்பதை அனுபவமுள்ள தாய்மார் அறிவர். நான் சுட்ட விரும்புவது வேறொன்று. இதே சட்ட நூல்கள்தாம் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் கற்பித்தன. நாயகம் அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஏறத்தாழ இரு கைகள் சேர்ந்து ஏந்தும் அளவில், ஒளுச் செய்தார்கள் என்பதும், ஓடாது தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள் என்பதும் நாம் நன்கறிந்தவை. தேங்கிய நீரில் கழிப்பது கூடாதெனில், கழித்த துணியை அதே ஏரியில் அலசுவது எங்ஙனம் தகும்? இக்கேள்வியை நம் ஊர்க் கரைகளில் எழுப்பியவர் அரியர்.

இனி நீரின் நிலையைக் காண்போம். மத்தூர்ப் பக்கம் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் கடினத்தன்மை உடையவை. பாறையினூடே ஊறிவரும் நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் கரைந்திருக்கும். இந்நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. உப்புகளுடன் சேர்ந்து பிசுபிசுப்பான படிவாகத் துணியில் ஒட்டும். வெள்ளைத் துணி பழுப்பேறும். உறிஞ்சும் தன்மை குன்றும். தாய் மேலும் சோப்பைத் தேய்ப்பார். மேலும் நீரை ஊற்றுவார். அதனாற்றான் சலவைத்தூள் வந்தபோது இத்தகைய ஊர்கள் அதை ஆவலுடன் வரவேற்றன. 1959-இல் சர்ஃப் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன் விலை எளியோர்க்கு எட்டவில்லை. 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் பட்டேல் தம் வீட்டிலேயே தயாரித்து மிதிவண்டியில் விற்கத் தொடங்கிய நிர்மா, பின்னர் மூலைமுடுக்குப் பெட்டிக்கடைகளுக்கெல்லாம் சலவைத்தூளைக் கொண்டு சேர்த்தது. கடின நீரிலும் நுரைக்கும் பொடி! வெள்ளாவியும் உவர்மண்ணும் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன.

நுரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1950-களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் மலைபோல் நுரை எழுந்தது. சலவைத்தூளில் இருந்த செயற்கைப் பொருளின் மூலக்கூறு கிளைகிளையாகப் பிரிந்த அமைப்புடையது. நுண்ணுயிர்களால் அதைச் சிதைக்க இயலவில்லை. ஜெர்மனி 1961-இல் இதற்கெனச் சட்டம் இயற்றி 1964-இல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-இல் கிளையற்ற நேர்த்தொடர் அமைப்புக்கு மாறினர். அந்த நேர்த்தொடர்ப் பொருளின் மூலத்தைத்தான் சென்னையை அடுத்த மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் உற்பத்தி செய்கிறது. இது காற்றுள்ள நீரில் நுண்ணுயிர்களால் சிதையும். ஆனால் காற்றற்ற சாக்கடையில், அதுவும் அளவுக்கு மிஞ்சி வந்து சேருமிடத்து, என் செய்யும்?

அதற்கு விடையைக் காண நாம் ஜெர்மனி செல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணை ஆறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டு, ஓசூருக்கு அருகே தமிழகத்தில் நுழைகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீர் இவ்வாற்றில்தான் கலக்கிறது. ஒரு மாநகரத்தின் குளியலறையும் சலவையறையும் அவ்வேரிகளில் வந்து வடிகின்றன. 2015 முதல் பெல்லந்தூர் ஏரி நுரை சாலைக்கு ஏறி வாகனங்களை மறைத்த காட்சியையும், ஏரி நீர்மேல் தீப்பற்றியெரிந்த விந்தையையும் நாடே கண்டது. சலவைப் பொருள்களில் உள்ள பாஸ்பேட்டும் நுரைப்பொருளும் இதில் பெரும்பங்கு வகிப்பதாக இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டி. வி. இராமச்சந்திராவும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தனர். 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஏரிச் சீரமைப்புக்கெனக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் வைக்க ஆணையிட்டது. அந்நீரே ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மழைக்காலத்தில் மதகுகள் திறக்கப்படும்போது வெண்ணுரை பொங்கி ஆற்றை மூடுவதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் போலப் பார்க்கிறோம். தொழிற்சாலைக் கழிவும் அதில் கலந்திருக்கிறது. எல்லாம் சலவை நீர் என்று நான் கூறவில்லை. ஆயினும் பெங்களூர் வீடுகளின் துவைத்த நீரும் அதில் அடக்கம். கெலவரப்பள்ளியைக் கடந்து, 1950-களில் எழுப்பப்பட்ட கிருஷ்ணகிரி அணையைக் கடந்து, நெடுங்கல் தடுப்பணை வழியாகப் பாரூர்ப் பெரிய ஏரிக்கும் இவ்வாற்று நீர் பிரிகிறது. மத்தூரை உள்ளடக்கிய போச்சம்பள்ளி வட்டத்து வயல்கள் இதையே நம்பியிருக்கின்றன.

நிலத்தடி நீரிலோ வேறொரு துன்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்கள் காவியேறி, எலும்பு வளைந்த மனிதரை இப்பகுதியில் கண்டவர் பலர். அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் மேற்கொள்ளப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாயில் காவிரி வரும் வேளையில் குடங்கள் வரிசையாக நிரம்பும்; அது குடிக்க, சமைக்க. அந்நீரில் குழந்தைத் துணி துவைக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. துணிக்கு ஆழ்துளை நீர்.

எவ்வளவு நீர்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு துணிகள். அசுத்தத்தை நீக்க ஒரு வாளி, சோப்பில் ஊறவைத்துத் துவைக்க ஒரு வாளி, சட்டம் கேட்கும் மூன்று அலசலுக்கு மூன்று வாளி. வாளிக்கு 15 லிட்டர் எனக் கொண்டால் 75 லிட்டர். ஆண்டுக்கு 27,000 லிட்டருக்கு மேல். கிராமப்புறத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் நீர் வழங்குவதே நெடுங்காலம் அரசின் அளவுகோலாக இருந்தது. 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் அதை 55 ஆக உயர்த்தியது. பேசவும் தெரியாத குழந்தை, துணிக்கு மட்டுமே, வளர்ந்த ஒரு மனிதரின் பங்கை விஞ்சிவிடுகிறது!

இந்த இடர்ப்பாட்டுக்கு மேனாடுகள் கண்ட வழி நாம் அறிந்ததே. அமெரிக்க நகரங்களில் 1930-கள் முதலே வாரந்தோறும் வண்டியில் வந்து அழுக்குத் துணியை எடுத்துச் சென்று வெளுத்துத் தரும் நிறுவனங்கள் இருந்தன. நம் வண்ணார் முறைக்கு இயந்திர வடிவம் எனலாம், தானியத்துக்குப் பதில் டாலர். இரண்டாம் உலகப் போரின்போது பருத்திக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டமையால், சுவீடனில் காகிதக் கூழால் ஆன அணையாடை தோன்றியது. மாரியன் டோனவன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இரவெல்லாம் நனையும் தொட்டிலைக் கண்டு சலித்து, குளியலறைத் திரையை வெட்டித் தைத்து நீர் புகா உறை ஒன்றை ஆக்கினார். அதற்கு 1951-இல் காப்புரிமை பெற்றார். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் விக்டர் மில்ஸ் என்னும் பொறியாளர் தலைமையில் உருவான பாம்பர்ஸ் 1961-இல் விற்பனைச் சோதனைக்கு வந்தது. பின்னர், தன் எடையைப் போல் பல மடங்கு நீரைக் குடித்துக் கூழாகும் சோடியம் பாலிஅக்ரிலேட்டு என்னும் பொருள் 1980-களில் சேர்ந்ததும், அணையாடை மெலிந்தது. இரவு முழுவதும் தாங்கிற்று. நம் நாட்டில் 1990-களுக்குப் பின் முதலில் நகரங்களிலும், பிறகு ஒன்றிரண்டாகப் பிரித்து விற்கும் பொட்டலங்களாகச் சிற்றூர்க் கடைகளிலும் அது தொங்கத் தொடங்கியது.

துணியா, காகிதமா எது இயற்கைக்குக் கேடு? இவ்வழக்கு அங்கே நெடுநாள் நடந்தது. 1990-இல் பிராக்டர் அண்டு கேம்பிள் பணம் கொடுத்து ஆர்தர் டி. லிட்டில் நிறுவனம் ஆராய்ந்தது. துணி அப்படியொன்றும் மேலன்று என்று முடிவு வந்தது. 1991-இல் துணி வெளுக்கும் நிறுவனங்களின் சங்கத்துக்காகக் கார்ல் லேர்பர்கர் ஆராய்ந்தார். துணியே மேல் என்று முடிவு வந்தது. கூலி கொடுத்தவர் கட்சிக்கே சாட்சி சாய்ந்தது என்று நம் ஊரார் சிரித்திருப்பர். பின்னர் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2005-இல் ஆராய்ந்து, 2008-இல் திருத்தி வெளியிட்ட கணக்கு இவற்றினும் நடுநிலையானது. ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுக்காலத்துக்குக் காகித அணையாடையால் 550 கிலோ கரிவளிக்கு நிகரான வெளியீடு. துணியால் 570 கிலோ. ஏறத்தாழச் சமம். ஆனால் அந்த 570-இல் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? நீரைச் சூடாக்கும் இயந்திரமும், துணியை வெப்பக் காற்றில் உலர்த்தும் இயந்திரமும் உண்ட மின்சாரத்திலிருந்து. வெயிலில் உலர்த்தி, இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் 200 கிலோ குறையும் என்றும் அவ்வறிக்கையே கூறிற்று. 2023-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட புதிய கணக்கு, துணியின் வெளியீடு காகிதத்தினும் நான்கில் ஒரு பங்கு குறைவு என்றது.

அவர்கள் அறிவுரையாகக் கூறிய மூன்றும் மத்தூர்த் தாய்க்குப் புதியவையல்ல. வெயில் உண்டு, மூத்த பிள்ளையின் துணியே இளையதற்கு, இயந்திரம் இருந்தாலும் மின்கட்டணத்துக்கு அஞ்சி நிறைந்த பிறகே சுழலும். எனவே கரிக் கணக்கில் அவர் வென்றவர். அவர் தோற்பது நீர்க் கணக்கிலும் நேரக் கணக்கிலும். நேரத்தை எந்த அறிக்கையும் எடையிடவில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று குறைத்தே மதிப்பிடுவோம். இரண்டு ஆண்டுகளில் 730 மணி. எட்டு மணி நேர வேலைநாளாக வகுத்தால் தொண்ணூற்றொரு நாள். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளிச் சிப்காட் பேட்டைகளுக்கு விடியற்காலைப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் இளம்பெண்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்தத் தொண்ணூற்றொரு நாளுக்கு ஊதியம் என்ற பெயரில் ஒரு விலையும் உண்டு. முன்னாளில் வண்ணாத்திக்குத் தானியமாவது அளந்தோம். வீட்டுத் தாய்க்கு அதுவும் அளப்பதில்லை.

மறுபுறம், கடை அணையாடை ஒன்று பத்து ரூபாய் என்றும் நாளைக்கு நான்கு என்றும் வைத்துக்கொண்டால் மாதம் 1,200 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 29,000. கூலிக் குடும்பம் தாங்கும் தொகையன்று. ஆதலால் நான்கு மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டே மாற்றப்படுகின்றன; குழந்தையின் தொடை சிவந்து கொப்புளிக்கிறது. பயன்படுத்தியதை எங்கே போடுவது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், அணையாடையைத் தனியே சுற்றித் தர வேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் கூறின. சிற்றூரில் அது ஏரிக்கரைக்கும் ஓடைக்கும் போகிறது. அல்லது வீட்டின் பின்புறம் குப்பையுடன் எரிகிறது. நெகிழியும் கூழும் அரைகுறையாக வெந்து எழும் அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறவார். குழந்தையைத் தோளில் ஏந்தித் தொழும் தந்தையின் நிலையும் ஒரு புது வினாவாகிவிட்டது. நனைந்த அணையாடை வெளியே கசியாவிடினும், அசுத்தத்தைச் சுமந்தவராவாரா என்பது பற்றி ஷாஃபியீ, ஹனஃபி ஆலிம்கள் கூறும் நுட்பங்களை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

நான் காணும் வீடுகள் இதற்குள் தமக்கென ஒரு நடுவழி வகுத்துக்கொண்டுவிட்டன. பகலில் பழந்துணி, கிருஷ்ணகிரி மருத்துவமனைக்கோ திருமண வீட்டுக்கோ செல்லும் நாளில் கடை அணையாடை, மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய தாயின் வீட்டில் இரவிலும் அது. சில வீடுகளில் முதல் அலசலைச் சோப்பின்றி முடித்து அந்நீரை வாழைக்கு விடுகின்றனர். சோப்பு நீர் மட்டும் சாக்கடைக்குப் போகிறது. ஏறத்தாழ ஒரு வாளி அதனால் வீணாகாமல் தப்புகிறது. பாட்டி உள்ள வீட்டில் 'உஸ்' என்ற ஒலி இன்னும் கேட்கிறது. அவ்வீட்டுக் கொடியில் துணிகளும் குறைவு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மட்டும் எந்தக் கணக்கும் செல்லாது. கொடி வீட்டுக்குள் வந்துவிடும். தணல் இட்ட சட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணிகளைப் பரப்பி, ஒரு கிள்ளுச் சாம்பிராணியும் தூவி, இரவு நெடுநேரம் ஒருவர் விழித்திருந்து திருப்பிப் போட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.